குரோமார்ட்டி பிரபுப் பட்டம்: போனது எப்படி, வந்தது எது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் சீமையில் மக்கென்சி குலத்தின் ஒரு கிளை. 1703-இல் 'குரோமார்ட்டி ஏர்ல்' (ஏர்ல் என்பது பிரபுப் பட்டங்களில் ஒரு படி) பட்டம் வாங்கியது, 1746-இல் பறிகொடுத்தது, 1861-இல் அதே பெயரில் ஒரு பட்டத்தைப் பெற்றது. நடுவில் ஒரு வாரிசு காஞ்சிபுரம் வரை வந்து போனார். 1780-இல் ஹைதர் அலி கம்பெனிப் படையை முறியடித்த புள்ளலூர்ப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால் "அந்த மக்லௌட் பிரபு யார், இங்கே எதற்கு வந்தார்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் கதை லண்டன் கோபுரச் சிறைக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது?

வாளால் அல்ல, வக்கீல் மூளையால். 1630-இல் பிறந்த சர் ஜார்ஜ் மக்கென்சி சட்டம் படித்தவர். ஆட்சிகள் மாறின, அரசர்கள் மாறினார்கள், அவர் மட்டும் ஏதாவது ஒரு பதவியில் இருந்துகொண்டே இருந்தார். 1685-இல் டார்பட் வைகவுன்ட் ஆனார், அது ஏர்லுக்கு ஒரு படி கீழே. ஆன் ராணி காலத்தில், 1703-இல், குரோமார்ட்டி ஏர்ல் ஆனார். 1707-இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்ததற்கு முன்னின்று ஆதரவு தந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவருடைய சாமர்த்தியத்துக்கு ஒரு சாட்சி வரைபடத்தில் இருந்தது. தன் நிலங்கள் எங்கெங்கே இருந்தாலும் எல்லாவற்றையும் குரோமார்ட்டி என்ற சின்னச் சீமையோடு சேர்க்கும்படி சட்டம் போட வைத்தார். விளைவு, கிழக்குக் கரையில் ஒரு துண்டு, மேற்குக் கரையில் ஒரு துண்டு என்று ராஸ் சீமைக்குள் அந்தச் சீமை சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலை மாதிரி சிதறிக் கிடந்தது. இரண்டையும் சட்டப்படி ஒன்றாக்கி இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட 1889 வரை ஆனது.

இவ்வளவு விசுவாசமான குடும்பம் எப்படிக் கலகத்தில் சேர்ந்தது?

தாத்தா சேர்த்ததைப் பேரன் தொலைத்தார். மூன்றாவது ஏர்லும் ஒரு ஜார்ஜ்தான். 1745-இல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் ஸ்காட்லாந்தில் இறங்கி, தன் தந்தைக்கு அரியணை கேட்டுக் கொடி ஏற்றினார். அந்தத் தரப்பாருக்கு ஜேக்கபைட்டுகள் என்று பெயர். ஜார்ஜ் தன் குத்தகைக்காரர்களில் சில நூறு பேரைத் திரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பதினெட்டு வயது மூத்த மகன் ஜானும் கூடவே போனார். ஏர்லின் வாரிசு என்பதால் மரியாதைக்கு அவரை 'மக்லௌட் பிரபு' என்று அழைப்பார்கள்.

இத்தனைக்கும் மக்கென்சி குலத்தின் தலைமைக் கிளை, சீஃபோர்த் குடும்பம், அந்தமுறை அரசு பக்கம் நின்றது. அவர்கள் 1715 கலகத்தில் சேர்ந்து 1716-இலேயே பட்டத்தை இழந்தவர்கள். சூடு கண்ட பூனை.

1746 ஏப்ரல் 15 அன்று வடக்கே டன்ராபின் கோட்டையில் குரோமார்ட்டி ஏர்லும் மகனும் பிடிபட்டார்கள். மறுநாள் கல்லோடன் வெளியில் ஜேக்கபைட் படை அழிந்தது. இவர்கள் அந்தப் போர்க்களத்தையே பார்க்கவில்லை.

தலை எப்படித் தப்பியது?

மனைவியால். 1746 ஜூலை கடைசியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் மூன்று ஸ்காட்டிஷ் பிரபுக்களை ஒன்றாக நிறுத்தினார்கள்: கில்மார்னாக், குரோமார்ட்டி, பால்மெரினோ. முதல் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பால்மெரினோ மறுத்தார். மூவருக்கும் மரண தண்டனை.

குரோமார்ட்டியின் மனைவி இசபெல்லா கார்டன் அப்போது நிறைமாதம். கறுப்பு உடுத்தி, செல்வாக்குள்ள பிரபுக்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். அரசர் இரண்டாம் ஜார்ஜ் முன்னால் மண்டியிட்டு மனுவை நீட்டியவர் அங்கேயே மயங்கி விழுந்தார் என்கிறார்கள். குரோமார்ட்டியின் தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று கோபுரக் குன்றில் மற்ற இருவர் தலையும் விழுந்தன.

பிறகு பிறந்த பெண் குழந்தையின் கழுத்தில் கோடரி வடிவில் ஒரு மச்சம் இருந்தது என்று ஒரு கதை உண்டு. கிரகணத்தில் கத்தி எடுத்தால் பிள்ளைக்குத் தழும்பு வரும் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கதை எங்கே முளைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

உயிர் மிஞ்சியது, அவ்வளவுதான். அரசர் சொல்லும் இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மன்னிப்பு வந்தது. கொஞ்சகாலம் டெவன்ஷயரில் இருந்தார். 1766-இல் லண்டனில் இறந்தார். சொந்த ஊர் நிலம் அவருக்குத் திரும்பவே இல்லை.

"பட்டத்தைப் பறித்தார்கள்" என்றால் சட்டப்படி என்ன நடந்தது?

இதற்கு 'அட்டெயிண்டர்' என்று பெயர். ராஜதுரோகத்துக்குத் தண்டனை பெற்றவரின் ரத்தமே கெட்டுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கெட்ட ரத்தத்தின் வழியே எதுவும் இறங்காது. அவரிடமிருந்து மகனுக்கும் போகாது, அவரைத் தாண்டிப் பேரனுக்கும் போகாது. தண்டனை ஒருவருக்கு, அடி வம்சத்துக்கு.

இந்த விஷயத்தில் நிறையப் பேர் குழம்புவது ஓர் இடத்தில். பட்டம் வேறு, நிலம் வேறு, குலத் தலைமை வேறு. பட்டம் அரசர் கொடுத்தது, அதனால் அரசர் எடுத்துக்கொள்ளலாம். நிலம் பறிமுதலாகி அரசுக் கணக்கில் சேரும். குலத் தலைமை மட்டும் அரசர் கொடுத்ததல்ல. ஊர்க்காரர்கள் பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டால் எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? குரோமார்ட்டி விஷயத்திலும் நிலம் ஒரு தேதியில் வந்தது, பட்டம் எழுபத்தேழு வருஷம் கழித்து வந்தது, குலத் தலைமை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மூன்றையும் சேர்த்து "திரும்பக் கிடைத்தது" என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

மகன் ஜான் என்ன ஆனார்?

அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1748 ஜனவரியில் மன்னிப்பு வந்தது. அதில் ஒரு நிபந்தனை: இருபத்தொரு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள், தந்தையின் சொத்தில் தனக்குள்ள உரிமை அத்தனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மைனர் பையனிடம் வாங்கும் கையெழுத்து நிற்காது என்பதால் அவன் மேஜராகும்வரை காத்திருந்து வாங்குகிற புத்தி. அந்தக் காலத்து அரசு வக்கீல்களை இந்த ஒரு ஷரத்துக்காக மெச்சத்தான் வேண்டும்.

கையில் ஒன்றுமில்லாமல் ஐரோப்பா போனார். பிரஷ்ய மன்னரிடம் தளபதியாக இருந்த ஜேம்ஸ் கீத் சிபாரிசு செய்ய, சுவீடன் படையில் வேலை கிடைத்தது. கீத்தின் அண்ணனும் ஜேக்கபைட் பக்கம் நின்று ஸ்காட்லாந்தில் ஏர்ல் பட்டத்தை இழந்தவர்தான். பட்டம் போனவர்களுக்குள் இப்படி ஒரு சொந்தபந்தம். சுவீடனில் பல வருஷம் சேவகம் செய்து உயர்ந்தார். 1777-இல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது ஐம்பது.

அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பக்கத்துக்கே அதுதான் காரணம்.

1777-இல் பிரிட்டனுக்கு அமெரிக்கப் போரில் ஆள் பற்றாக்குறை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் (ஹைலாண்ட்) ஒரு குரல் கொடுத்தால் ஆயிரம் பேர் வருவார்கள் என்ற பெயர் பழைய குலக் குடும்பங்களுக்கு இன்னும் இருந்தது. கணக்கு எளிது: அரசருக்கு ஒரு ரெஜிமென்ட் திரட்டிக் கொடு, அரசர் உன் குடும்பத்தின் பழைய பாவத்தை மறப்பார். இது ஜான் கண்டுபிடித்த வழியல்ல. கலகத்துக்காக 1747-இல் தலை வெட்டப்பட்ட லோவட் பிரபுவின் மகன் இதே வழியில் படை திரட்டி, கனடாவில் சண்டை போட்டு, 1774-இல் நிலத்தைத் திரும்ப வாங்கியிருந்தார்.

ஜான் திரட்டியது 73-ஆவது ரெஜிமென்ட். 'மக்லௌட்டின் ஹைலாண்டர்கள்' என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி அவர் வெறும் ஜான் மக்கென்சி, ஆனாலும் எல்லோரும் அவரை 'மக்லௌட் பிரபு' என்றே அழைத்தார்கள். இரண்டாவது பட்டாளம் தம்பி ஜார்ஜின் கீழ் ஜிப்ரால்டர் போனது. முதல் பட்டாளம், ஆயிரத்துச் சொச்சம் பேர், கப்பலேறி 1780 ஜனவரியில் மெட்ராஸில் வந்து இறங்கியது.

வந்து ஆறு மாதத்தில் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கிவிட்டார். கம்பெனிப் படையைக் காஞ்சிபுரத்தில் கூட்டுவது என்று முடிவாயிற்று. அது ஆபத்து, மெட்ராஸ் பக்கமே கூட்டுவோம் என்று எதிர்த்தவர் மக்லௌட். மெட்ராஸ் படைத்தலைவர் சர் ஹெக்டர் மன்ரோ கேட்கவில்லை, தானே தலைமை ஏற்றுக் காஞ்சிபுரம் போனார். மன்ரோவும் ராஸ் சீமைக்காரர்தான், மக்லௌட் குடும்ப நிலத்துக்குப் பக்கத்து ஊர். ஊர்ப் பகை இங்கேயும் கூடவே வந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை பேரம்பாக்கம் பக்கம் மாட்டிக்கொண்டது. மன்ரோ உதவிக்கு அனுப்பிய ஆயிரம் பேரில் மக்லௌட் ரெஜிமென்ட்டின் இரண்டு கம்பெனிகளும் இருந்தன. 1780 செப்டம்பர் 10, புள்ளலூர். ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குப் பிறகு சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. மக்லௌட்டின் ஆட்களில் பிழைத்தவர்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுபோனார்கள். மன்ரோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துப் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

கைதிகளில் ஒருவர் கேப்டன் டேவிட் பேர்ட். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நாற்பத்துநான்கு மாதம் சிறையில் இருந்தவர், 1799-இல் அதே கோட்டைமேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர். கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்று செய்தி போனதும், "எங்கள் டேவியோடு கட்டுண்டவன் பாவம்" என்று அவர் தாயார் சொன்னாராம். பெற்ற தாய்க்குத் தெரியாததா!

படை நடத்தியதற்கு என்ன பலன் கிடைத்தது?

இரண்டு. 1780 தேர்தலில், ஊரிலேயே இல்லாதபோது, ராஸ் சீமைக்கு நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதில் ஒரு வேடிக்கை. பட்டம் போகாமல் இருந்திருந்தால் அப்பாவுக்குப் பிறகு அவர்தான் நான்காவது ஏர்ல், ஸ்காட்டிஷ் ஏர்ல் ஒருவர் மக்கள் சபையில் உட்கார முடியாது. பட்டம் இல்லாததால்தான் அந்த இருக்கை.

இரண்டாவது, நிலம். 1784-இல் பறிமுதலான நிலங்களைப் பழைய குடும்பங்களுக்குத் திருப்பித் தரும் சட்டம் வந்தது. சும்மா இல்லை. சொத்தின் மேல் இருந்த கடன்பாட்டுக்காக மக்லௌட் சுமார் 19,000 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. புள்ளலூர்க் கைதிகள் விடுதலையானதும் அதே 1784-இல்தான், மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகு.

இடையில் அந்த நிலத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்?

அரசு. 1752 சட்டப்படி பதின்மூன்று ஜேக்கபைட் ஜமீன்கள் நிரந்தரமாக அரசோடு சேர்க்கப்பட்டன, குரோமார்ட்டி அதில் ஒன்று. ஆணையர் குழு ஒன்று வைத்து, குத்தகைப் பணத்தில் சாலை, பள்ளிக்கூடம், நூற்புத் தொழில், மரம் நடுதல் என்று செலவழித்தார்கள். 'மலைநாட்டாரை நாகரிகப்படுத்துவது' நோக்கம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அடுத்தது என்ன வரும் என்று நமக்குத் தெரியும்.

நிலத்தோடு பட்டமும் வந்ததா?

இல்லை. ஜான் மக்லௌட் ஊரில் டார்பட் மாளிகையைப் புதிதாகக் கட்டினார், 1789-இல் எடின்பரோவில் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்து சிற்றப்பன் வழிச் சொந்தம் ஒருவருக்குப் போய், அவர் 1796-இல் இறந்ததும் ஜானின் சகோதரி இசபெல்லாவிடம் வந்தது. அவளிடமிருந்து மகள் மரியாவுக்கு, மரியாவிடமிருந்து மகன் ஜான் ஹே-மக்கென்சிக்கு, அவரிடமிருந்து ஒரே வாரிசான மகள் ஆனுக்கு. மக்கென்சி என்ற பெயரே பெண்கள் வழியாக ஹைபன் போட்டு ஒட்டிக்கொண்டுதான் பிழைத்தது.

1861-இல் வந்தது பழைய பட்டம்தானா?

பெயர் பழையது, பட்டம் புதியது. விக்கிப்பீடியா முதல் சுற்றுலாப் பலகை வரை 'மீட்கப்பட்டது' என்ற சொல் எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

ஆன் ஹே-மக்கென்சி 1849-இல் சதர்லாண்ட் டியூக்கின் மூத்த மகனை மணந்தார். மாமியார் விக்டோரியா ராணியின் நெருங்கிய தோழி. ஆனும் பின்னாளில், 1870 முதல் 1874 வரை, ராணியின் உடைப் பொறுப்பாளர் பதவியில் இருந்தார். 1861 பிப்ரவரியில் மாமனார் இறக்க, ஆன் டச்சஸ் ஆனார். அதே வருஷம் அக்டோபரில் ராணி அவருக்குக் குரோமார்ட்டி கவுண்டஸ் (ஏர்லுக்குப் பெண்பால்) பட்டத்தைக் கொடுத்தார்.

டச்சஸுக்கு எதற்குக் கீழ்ப்படியில் உள்ள ஒரு கவுண்டஸ் பட்டம்? இரண்டாவது மகனுக்காக. மூத்தவன் டியூக் ஆகிவிடுவான், தாய்வீட்டுச் சொத்து சதர்லாண்ட் கடலில் கரைந்துவிடும். அதனால் பட்டம் இரண்டாவது மகன் பிரான்சிஸுக்கும் அவர் வழியில் ஆண், பெண் இரு சாராருக்கும் போகும்படி ஆவணத்திலேயே எழுதினார்கள்.

1703 பட்டம் ஸ்காட்லாந்துப் பட்டம். 1861 பட்டம் ஐக்கிய ராச்சியப் பட்டம். பழையதை உயிர்ப்பிக்க வேண்டுமென்றால் அட்டெயிண்டரை நீக்க நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். புதிதாகக் கொடுக்க ராணியின் ஆணைப்பத்திரம் போதும். எனவே பழைய வீட்டை இடித்த இடத்தில் அதே பெயர்ப்பலகையோடு புது வீடு. 1746-இன் தீர்ப்பு இன்றும் அப்படியே நிற்கிறது.

உண்மையிலேயே பழைய பட்டத்தை மீட்டவர்கள் உண்டா?

உண்டு. நான்காம் ஜார்ஜ் 1822-இல் எடின்பரோ போய்வந்த பிறகு காற்று மாறியது. 1824-இல் மார் ஏர்ல் உள்ளிட்ட சிலருக்கும், 1826-இல் ஏர்லி ஏர்ல் போன்றோருக்கும் நாடாளுமன்றமே சட்டம் போட்டுப் பழைய பட்டத்தைத் திருப்பியது. மார் பட்டத்தை வாங்கியவர் எண்பது தாண்டிய கிழவர், மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். லோவட் குடும்பத்துக்கு 1857-இல் பிரபுக்கள் சபை உரிமையை ஒப்புக்கொண்டது.

சீஃபோர்த் கதைதான் சோகம். 1771-இல் அயர்லாந்துப் பட்டமாக ஒருமுறை வந்து, 1781-இல் அந்த ஏர்ல் இந்தியா வரும் வழியில் கடலிலேயே இறக்க அற்றுப்போனது. 1797-இல் இன்னொரு வாரிசுக்கு இன்னொரு பட்டம். அவருடைய மகன்கள் எல்லோரும் அவருக்கு முன்பே இறந்தார்கள், 1815-இல் அதுவும் முடிந்தது.

பட்டம் பெண்ணுக்குப் போகும் என்றால் சிக்கல் இல்லையே?

இருந்தது. 1893-இல் பிரான்சிஸ் இறந்தபோது இரண்டு பெண்கள், மகன் இல்லை. ஆங்கிலச் சட்டத்தில் சகோதரிகளுக்குள் மூத்தவள் என்ற தனி உரிமை கிடையாது. யாருக்கும் இல்லாமல் பட்டம் அந்தரத்தில் தொங்கியது. 1895-இல் ராணி தலையிட்டு மூத்தவள் சிபெல்லுக்குக் கொடுத்தார், அப்போது அவளுக்குப் பதினேழுகூட நிரம்பவில்லை.

சிபெல் நாவல்கள் எழுதியவர். அறுபத்தேழு வருஷம் கவுண்டஸாக இருந்தார். ஒருநாள்கூடப் பிரபுக்கள் சபையில் உட்கார முடியவில்லை, பரம்பரைப் பட்டம் உள்ள பெண்களுக்கு அப்போது அங்கே இடம் இல்லை. அவர் இறந்தது 1962-இல். அப்படிப்பட்ட பெண்களை அனுமதித்த சட்டம் வந்தது 1963-இல்.

குத்தகைக்காரர்களுக்கு இதில் என்ன கிடைத்தது?

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. ஜமீனின் மேற்குக் கரைத் துண்டு கோய்காக். அங்கிருந்து எத்தனை பேர் மக்லௌட்டின் குரலுக்குக் கப்பலேறியிருப்பார்கள்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில், 1852-53-இல், ஆன் குடும்பத்தின் ஜமீன் நிர்வாகம் கோய்காக் குடியானவர்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. நோட்டீஸ் கொண்டுவந்தவர்களை ஊர்ப் பெண்கள் வழிமறித்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள். காகிதங்களைப் பிடுங்கித் தீயில் போட்டார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடியும் அதுவே நடந்தது. கடைசியில் ஜமீன் விட்டுக்கொடுத்தது. மலைநாடெங்கும் குடிகளை விரட்டிய அந்தக் காலத்தில், குடிகள் ஜெயித்த மிகச் சில இடங்களில் அது ஒன்று.

இப்போது அந்தக் குடும்பம் எங்கே?

ஸ்ட்ராத்பெஃபர் ஊருக்குப் பக்கத்தில் லௌட் கோட்டையில். சிபெல்லின் மகன் ரோடரிக் தாய்வழி மக்கென்சி பெயரையே வைத்துக்கொண்டார். சீஃபோர்த் ஹைலாண்டர்ஸில் அதிகாரியாக இருந்து, 1940-இல் பிரான்சில் செயின்ட் வலேரியில் ஜெர்மானியரிடம் கைதியானார். சீஃபோர்த் கிளை அற்றுப்போய் வெகுகாலம் காலியாகக் கிடந்த மக்கென்சி குலத் தலைமையும் அவரிடம்தான் வந்து சேர்ந்தது. குலத் தலைவருக்கு 'காபர்ஃபே' என்று பெயர், 'மான்கொம்பு' என்று பொருள். 1746-இல் பறிக்க முடியாத அந்த மூன்றாவது பொருள் பறிகொடுத்த கிளையிடமே வந்தது.

புள்ளலூர் போனால் மக்லௌட் ஆட்களின் நினைவுச்சின்னம் பார்க்கலாமா?

அங்கே வயலுக்கு நடுவே நிற்கும் இரண்டு தூண்கள் 1781-இல் அதே இடத்தில் நடந்த அடுத்த சண்டையில் இறந்த கம்பெனி அதிகாரிகள் இருவருக்கானவை. 1780-இல் விழுந்த ஹைலாண்டர்களுக்கு அல்ல. திப்பு தரப்பின் கோணம் வேண்டுமென்றால் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் வண்ணத்தில் இருக்கிறது, பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியோடு.

ராஸ் சீமைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆல்னஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் கல் வளைவுகள் தெரியும். 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்ரோ, அந்த ஊர்க் கோட்டை வாசல் மாதிரியே கட்ட வைத்தது என்கிறார்கள். கூலிக்கு ஊர் ஆட்கள் கல் சுமந்தார்கள். கீழே சமவெளியில் டார்பட்.